ஒரு மிதி

“தள்ளுங்க அண்ணாச்சி.”

அவனுடைய வலது உள்ளங்காலில் அவளுடைய உள்ளங்கை ஒட்டியிருந்தது.

கை சில்லென்று இருந்தது. அதாவது, காலின் பெருவிரல் பக்கம் சில்லென்று இருந்தது. சுண்டுவிரல் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். எதிரே நிலோஃபர். அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண். முன்பெல்லாம் குட்டை ஸ்டூலில்தான் உட்காருவாள். இப்போது வயிறு குனிய விடுவதில்லை. ஏழாம் மாதம். அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தாள்.

அவன் காலுக்கும் அந்த வயிற்றுக்கும் நடுவே ஒரு கை.

எப்படித் தள்ளுவது?

“பிரேக்க மிதிக்க மாதிரி. ஒரே அமுக்கு.”

பிரேக் என்றால் தெரியும். வயசுப் பிள்ளையாக பஸ் ஓட்ட ஏறியவன், தலை நரைத்தும் இறங்கவில்லை. மிதித்துச் சோறு தின்ற கால் அது. முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதும் பொசுக்கென்று அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் நுனிக்காலில் எழும்பச் சொன்னார்கள். இடது குதிகால் எழும்பியது. வலது குதிகால் தரையோடு தரையாகக் கிடந்தது.

இன்று அந்தக் கை பின்னால் போனால் மறுபடி வண்டியில் ஏறலாம். போகாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தள்ளினான்.

தள்ளினானா?

கை இருந்த இடத்திலேயே இருந்தது.

இதுதான் அவனுக்குப் பிடிபடவே இல்லை. வீட்டில் படுத்துக்கொண்டு பீரோவைத் தள்ளினால் பீரோ கடகடக்கிறது. அடுக்களையிலிருந்து மனைவி முப்புடாதி என்ன சத்தம் என்று கேட்கிறாள். இங்கே வந்தால் கால் வெறும் கட்டை. பீரோ ஆடியது காலாலா, இல்லை இடுப்பை ஆட்டியதாலா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

அவன் யார் மேலாவது தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள். ஒருமுறை டிக்கெட் கட்டின் மேல் கால் பட்டதற்கு, கண்டக்டர் விழுந்து விழுந்து சிரிக்க, நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். இங்கேயும் அப்படித்தான். பயிற்சி முடிந்ததும் நிலோஃபரின் கையைத் தொடக் கூச்சமாக இருக்கும். அவள் எழுந்து போகும்வரை காத்திருந்து, நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

கால் செத்துப்போய்விட்டதா? இல்லை, நான்தான் பிடித்துவைத்திருக்கிறேனா?

அவளிடம் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? தள்ள முடியும், ஆனால் உங்களைத் தள்ள மனசு வரவில்லை என்றா? முடியும் என்பதே நிச்சயமில்லையே.

சுவரோரம் முப்புடாதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். புருஷன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

நிலோஃபர் பெருமூச்சு விட்டாள். மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தாள். அதை எடுத்து ‘முடியவில்லை’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

எடுக்கவில்லை. திடீரென்று வயிற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள்.

“உள்ள கெடக்குறது விடிய விடிய மிதிக்குது. நான் என்ன செத்தா போனேன்? நீங்க ஒரு மிதி மிதிங்க அண்ணாச்சி.”

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ரோட்டு வளைவு. குறுக்கே ஒரு மாடு.

அமுக்கினான்.

காலுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தான். நாற்காலி போய்க்கொண்டிருந்தது. வழுவழுத்த தரையில், பின்பக்கமாக, வயிற்றைப் பிடித்தபடி அவளும்.

“ஐயோ, தாயி!”

கட்டிலிலிருந்து எப்போது குதித்தான், எப்படிப் போனான், அவனுக்கே தெரியாது. எட்டி நாற்காலியின் கைப்பிடிகள் இரண்டையும் பிடித்துவிட்டான். பின்னால் சுவருக்கு ஒரு சாண்தான் மிச்சம்.

பிள்ளைத்தாச்சியை மிதித்துவிட்டேனே, பாவி. ஒரு கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினான். மறுபடியும் கைப்பிடியைத் தொட்டு ஒற்றினான். கண்ணீர் வந்துவிட்டது. ஏதாவது சொல்லம்மா. திட்டவாவது செய்.

அவள் திட்டவில்லை. தன் வயிற்றைப் பார்க்கவும் இல்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்புடாதியும் அங்கேயேதான் பார்த்தாள். வாயைப் பொத்தியிருந்த கை கன்னத்துக்குப் போயிருந்தது.

இவர்களுக்கு என்ன ஆயிற்று? சிரிக்கிறார்களா, அழுகிறார்களா? ஒரு மனுசன் இங்கே பதறிக்கொண்டிருக்கிறான், தரையில் அப்படி என்ன கிடக்கிறது?

அவனும் குனிந்து பார்த்தான்.

நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தான். குதிகால்கள் இரண்டும் தரையில் இல்லை.