சாவி கேட்டவள்

“கக்கூஸ் சாவியைக் குடுங்க.”

பாத்திரக்கடையில் நின்றிருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

கல்லாவில் இருந்த முதலாளி மட்டும் சிரித்தார்.

காலையிலிருந்து இந்தக் கடைவீதியில் அவள் செய்கிற வேலை இதுதான். குடல் நோயாளி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏற வேண்டும். அவசரம் என்று சாவி கேட்க வேண்டும். கொடுத்தால், நாங்கள் கல்லூரித் தொண்டர்கள் என்று உண்மையைச் சொல்லி, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

‘பார்த்தால் தெரியாது. கேட்டால் தருவோம்.’

வெளியே தெரியாத நோய்களும் குறைபாடுகளும் எத்தனையோ இருக்கின்றன. அதை ஊருக்குப் புரியவைக்கக் கிளம்பிய குழு.

வாசலில் தோழி ஜெசிந்தா அட்டையோடு நிற்பாள். கொடுத்தார், கொடுக்கவில்லை. இரண்டே கட்டம். டிக் அடிப்பாள்.

இது பத்தாவது கடை. ஒன்பதில் ஐந்து பேர் கொடுத்திருந்தார்கள். இந்த நடிப்பெல்லாம் உனக்கு எங்கேயிருந்துடி வந்தது என்று ஜெசிந்தா மாய்ந்துபோனாள்.

அவள் அடுத்த கடையைக் காட்டினாள்.

பெருங்குடலில் புண். மூன்று வருஷமாகிறது. குழுவில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி விழுங்குவாள்.

நாலு பேர் முன்னால் கக்கூஸ் என்று வாயெடுக்காதே என்பது அம்மாவின் உத்தரவு. வீட்டிலேயே முதல்முதலாகக் காலேஜ் படியேறிய பிள்ளை, வியாதி என்று மூச்சுக்கூட விடக் கூடாது. கடைவீதிக்கு வந்தால் அம்மா சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே நடப்பாள். அதைப் பெருமையாக வேறு சொல்வாள்.

நடிப்பு என்றால் சொல்லலாம். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

பத்தாவது கடையில் அவள் நடிக்கவில்லை.

படியேறும்போதே வயிறு முறுக்கியது. இரண்டு நிமிஷம். மிஞ்சினால் மூன்று.

முதலாளி செல்போனை ஆட்டிக் காட்டினார். வீதி முழுக்கச் செய்தி பரவியிருந்தது. காலேஜ் பிள்ளைகள் நடித்துக்கொண்டே வருகிறார்கள், இல்லை என்று சொல்லிப் பேரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மிட்டாய்க்கடைக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாராம்.

சாவியை அவர் தொடவே இல்லை. கொடுத்ததாகவே எழுதிக்கொள்ளச் சொன்னார். ஸ்டிக்கருக்குக் கண்ணாடியில் இடம் பார்த்தார். டீ சொல்லட்டுமா என்றார். முந்தின கடையில் வயிற்றை இன்னும் நல்லா பிடிச்சியாமே தாயி, இங்கே சரியில்லையே என்று குறையும் பட்டுக்கொண்டார்.

குக்கர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள். வாசலில் ஜெசிந்தாவும் சிரித்தாள்.

ஒரு நிமிஷம் போய்விட்டது.

சாவி அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. தொலையாமல் இருக்க ஒரு பெரிய சாம்பார்க் கரண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷக் கோபம். அவர்மேல் மட்டும் இல்லை.

“நடிப்பு இல்ல அண்ணாச்சி. எனக்கே அந்த வியாதி இருக்கு. குடல்ல புண்ணு. இப்ப சாவி தரலைன்னா இங்கயேதான் போவேன். அந்தக் குக்கர் பக்கத்துல.”

அந்த அம்மாள் குக்கரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கரண்டி கைக்கு வந்தது.

ஓடினாள். அண்டா ஒன்று உருண்டது. இடது பக்கம் தாயி, இடது பக்கம் என்று முதலாளி கல்லாவிலிருந்தே கத்தினார்.

பூட்டு முதல் திருப்பிலேயே திறந்தது.

உள்ளே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாடா.

வெளியே பேச்சுக் கேட்டது. பாவம் என்ற சொல் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

ஜெசிந்தா முதலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கொடுக்கவில்லை, மிரட்டின பிறகு கொடுத்தீர்கள், இதற்கு அட்டையில் கட்டமே இல்லை என்றாள். கொடுத்தேனா இல்லையா, அதைச் சொல்லு என்றார் அவர். குக்கர் அம்மாள் நடுவில் புகுந்து, பாதி டிக் போடச் சொன்னாள்.

பிறகு அதே அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். அந்தப் பிள்ளை வந்ததும் சாவி எனக்கு வேணும் என்றாள்.

எனக்கும் என்றது இன்னொரு குரல்.

அவள் உள்ளே இருந்தபடியே சத்தம் போட்டுச் சிரித்தாள்.

கதவைத் திறந்தபோது மூன்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலாவதாக நின்றவளிடம் கரண்டியைக் கொடுத்தாள். அந்த அம்மாள் குக்கரை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

ஜெசிந்தா அவளையே பார்த்தாள்.

“அப்ப அது வைட்டமின் இல்லையாடி?”

இல்லை என்று தலையாட்டினாள்.

எருமை என்று திட்டி, கையைப் பிடித்து இறுக்கினாள் ஜெசிந்தா. 

பதினொன்றாவது கடை எதிர்வரிசையில் இருந்தது. ஜவுளிக்கடை. இருபது வருஷமாக அங்கேதான் அவள் அப்பா பார்சல் கட்டுகிறார். அந்தக் கடையின் கக்கூஸ் சாவி முதலாளி வீட்டாருக்கு மட்டும். அப்பா பஸ் ஸ்டாண்டுவரை நடந்துபோய் வருவார். அங்கே மட்டும் நீ கேள் என்று காலையிலேயே அவள் ஜெசிந்தாவிடம் கெஞ்சி வைத்திருந்தாள்.

ஜெசிந்தா அட்டையைக் கல்லாமேல் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். இப்படியா, இன்னும் கொஞ்சம் குனியணுமா என்று கேட்டாள்.



நிமிர்ந்தபோது குக்கர் கல்லாமேல் இருந்தது. அட்டையைக் காணோம்.

அட்டையோடு அவள் படியிறங்கி, ஜவுளிக்கடையைப் பார்த்துப் பாதி வீதியைக் கடந்திருந்தாள்.

வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. இப்போது அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கையை வீசி நடந்தாள்.