இரண்டாம் சரணம்

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை யாரோ உயர்த்தி வைத்திருந்தார்கள்.

அவன் உட்கார்ந்தான். கால் பெடலுக்குச் சரியாக எட்டவில்லை. நுனிக்காலால் மிதிக்க வேண்டியிருந்தது.

திருகி இறக்கலாம். இன்னொருத்தன் அளவு. கேட்காமல் கை வைக்கலாமா என்று பார்த்தான்.

அந்த இன்னொருத்தன் பக்கத்திலேயே நின்றான். ரிஷிகேஷ். சென்னையில் காசு கட்டி டிரம்ஸ் படித்தவன். ரெக்கார்டு பண்ணப் போனைக் கையில் பிடித்திருந்தான்.

"எறக்கிக்கோங்கண்ணா."

நல்ல பையன்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மணி நாலு. ஆறு மணிக்குக் கச்சேரி. மைதானத்துக் கேட்டுக்கு வெளியே இப்போதே கூட்டம். கேட்டுக்கு மேலே கட்டியிருந்த பேனரில் ஐந்து முகம். வரும்போது நின்று பார்த்தான். பாடுகிற சென்னியப்பனைத் தவிர ஒருத்தரையும் தெரியவில்லை.

சென்னியும் அவனும் இரும்பு வார்க்கிற ஒரே ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர்கள். அச்சுப் போடுகிற மண்ணின் பெயரைத்தான் பேண்டுக்கும் வைத்தார்கள். கருமண்.

காலையில் சென்னி போன் பண்ணியிருந்தான். "மாப்ள, சாயங்காலம் மைதானத்துக்கு வந்துரு. நீ இல்லாம ஆகாது."

வாசிக்கக் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொண்டான். அரை நாள் லீவு சொன்னான். புதுச் சட்டை போட்டான்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்கப் போறவனாட்டம் வந்திருக்கற," என்று சிரித்துவிட்டுத்தான் சென்னி விஷயத்தைச் சொன்னான்.

எட்டு மாசம் முன்னால் பேண்டிலிருந்து அவனை நிறுத்தியதும் இதே சென்னிதான். இரண்டாம் சரணம் வந்தால் அவன் கை தாளத்தை விட்டு முன்னால் ஓடும். ஒரு காலேஜ் போட்டியில் அப்படி ஓடி, பாட்டையே இழுத்துக்கொண்டு போனான். ஐந்து பேரும் மூச்சு வாங்க முடித்தார்கள். பரிசு இல்லை. தாளம் நிற்காதவனை வைத்துக்கொண்டு மேலே வர முடியாது என்றார்கள்.

அவன் போன பிறகு, அந்தப் போட்டியில் எவனோ போனில் பிடித்த வீடியோ பரவியது.

நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஓட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

மேனேஜர் வந்தார். வேன் வந்தது. பழைய ஆட்கள் ஒவ்வொருத்தராய்ப் போனார்கள்.

ரிஷிகேஷின் கை ஓடாது. படித்த கை. போன வாரம் ஈரோட்டில், இரண்டாம் சரணத்தில் ஜனங்கள் வீடியோவில் கேட்ட வேகத்துக்குக் கை தட்டிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். பாட்டு தனியாகப் பின்னால் வந்தது.

"எந்த எடத்துல புடிச்சு ஓடறேன்னு ஒரு தடவ காட்டிரு. தம்பி புடிச்சுக்குவான்," என்றான் சென்னி.

அதற்குத்தான் கூப்பிட்டது.

அவன் சரி என்றான். அவன் வாசிப்பதை இப்போது கேட்டால் மனசு மாறலாம். எட்டு மாசம் அவன் சும்மா இருக்கவில்லை.

பெடலை மிதித்தான். சென்னி பாடினான். முதல் சரணம். இரண்டாம் சரணம்.

ஓடவில்லை.

கை அதுபாட்டுக்கு நேராகப் போனது.

சென்னி பாட்டை நிறுத்தினான். "வெளையாடறயா மாப்ள?"

விளையாடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, போனில் தாளக் கணக்கைக் காதில் டிக் டிக் என்று ஓடவிட்டு, தலையணையைக் குச்சியால் அடித்து அடித்துச் சரிபண்ணியிருந்தான். சரியானால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று.

"இது நான் வாசிக்கிறதுதாண்ணா," என்றான் ரிஷிகேஷ் மெதுவாக.

மறுபடி வாசித்தான். நேராகவே வந்தது.

மூன்றாம் தடவை, வேண்டுமென்றே வேகம் கூட்டினான். வேகம் இருந்தது. ஓட்டம் இல்லை. புது கிடார்காரப் பெண் வாசிப்பதை விட்டுவிட்டு நகத்தைப் பார்த்தாள்.

மேனேஜர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். "பத்து நிமிஷத்துல கேட்டத் தொறக்கறாங்க. இவர எறக்கி விட்ருங்க."

இவரை.

சென்னி அவன் பக்கம் திரும்பவில்லை. "கடைசித் தடவ," என்று மைக்கில் சொன்னான்.

ஆரம்பித்தான். உள்ளங்கை ஈரத்தில் குச்சி வழுக்கியது. பாட்டு முடிந்தால் இறங்க வேண்டும். வலது பக்கம் ஐந்து படி. அப்புறம் கேட். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப். நாளைக்கு முதல் ஷிஃப்ட்.

முதல் சரணம் முடிந்துவிட்டது.

இவ்வளவு சீக்கிரமா.

கை முன்னால் போனது. பிடித்து நிறுத்தப் பார்த்தான், எட்டு மாசப் பழக்கம். நிற்கவில்லை. சென்னி சட்டென்று திரும்பினான். வார்த்தைகளை விழுங்கி விழுங்கித் துரத்திக்கொண்டு வந்தான். கிடார் பின்னாலேயே ஓடி வந்தது. கேட்டுக்கு வெளியே யாரோ ஊளையிட்டார்கள். பிறகு எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள்.

சரியாக அவன் கூடவே.

ரிஷிகேஷ் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை தவறியது. அப்புறம் தவறவில்லை.

"கெடச்சிடுச்சுண்ணா."

சரணம் முடிந்தது. பாட்டை முடிக்க வேண்டிய இடம் வந்தது.

அவன் இரண்டாம் சரணத்தை மறுபடி எடுத்தான்.