லயத்தைப் பார்க்கும் அம்புக்குறி

“தேத்தண்ணி ஊத்தி வை, சீனி வாங்கிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு தினேஸ் மேட்டிலிருந்த தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கினான். மடுல்சீமை ரோட்டு வளைவில் பஸ் மோதிச் செத்தான். கடைக்குப் போய்ச் சேரவேயில்லை.

பதுளை வீதி அதிகாரசபைக் கந்தோரில், பாதசாரி விபத்துகளை ஆராயும் மென்பொருளில், அவன் நடந்த திசையைக் காட்டும் அம்புக்குறி லயத்தை நோக்கி ஏறியது. பஸ்காரனுக்காக யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே அவன் மனைவி ஜெயந்தினி சந்தேகித்தாள்.

“போறப்பதாங்க அடிபட்டாரு. அம்ப வச்சுத்தானே வேலி போடுவீங்க, அவரு போன பக்கம் வரணும். எம்மக ஸ்கூலுக்கு நடக்குற பக்கம் அது.”

“நாலு தடவ திருத்திட்டேன் அக்கா. நம்பலன்னா நீங்களே செஞ்சு பாருங்க” என்றான் அதிகாரி கிரிஷாந்தன்.

அவளே திருத்தினாள். அம்பு இறங்கியது. சேமித்ததும் ஏறியது.

“யாரு மாத்துறது?”

அவன் மற்ற அம்புகளையும் திரையில் திறந்து காட்டினான். அந்த வளைவில் செத்தவர்கள் ஏழு பேர். ஆறு அம்புகள் போட்டபடியே இருக்கின்றன. தினேஸின் அம்பு மட்டும் இன்றும் லயத்தைப் பார்த்தே நிற்கிறது.