மெஷினைப் போடச் சொல்லும்மா

"மாடியில உங்கப்பாவை மெஷினைப் போடச் சொல்லும்மா. இன்னைக்கும் இந்தக் கூரை அதிர்ந்தா காலி பண்ணிடணும்" என்றார் வீட்டுக்காரர், கீழ்வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி.

அவள் போன் செய்தாள். "சரிம்மா" என்றார் அப்பா.

மாலை வகுப்பில் படித்ததை வைத்து, நூல் சுற்றும் மெஷினோடு ஓர் இரும்புப் பட்டையை முடுக்கி, அதன் நுனியில் எடை வைத்திருந்தாள். அதிர்வை வாங்கிக்கொண்டு பட்டை மட்டும் ஆட வேண்டும். கணக்கை நான்கு முறை சரிபார்த்தும் மனசு அடித்துக்கொண்டது.

"அலமாரிப் பாத்திரமெல்லாம் குதிக்குது. ஒரு துண்டு இரும்பு நிறுத்திடுமாக்கும்!" என்று சிரித்தாள் கீழ்வீட்டு அக்கா.

தெருவில் லாரிகள் உறுமியதில் மாடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கால் மணி நேரமாகியும் கூரையில் அசைவில்லை.

"மெஷினைப் போட உங்கப்பாவுக்கே பயம் போல" என்று எழுந்தார் வீட்டுக்காரர்.

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். அப்பாவுமா நம்பவில்லை?

அப்போது அப்பாவே இறங்கி வந்தார், கை நிறைய நூல்கண்டுகளோடு.

"நீ போன் பண்ணதுமே போட்டுட்டேன்மா. இதோ பன்னிரண்டு கண்டு. இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!"

அக்கா அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர் கூரையையே பார்த்தார்.

"சார், இது என் பொண்ணு" என்று, அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வீட்டுக்காரருக்கு அவளை அறிமுகப்படுத்தினார் அப்பா.