காசாவுக்கு ஒரு லொறி

"தங்கமுத்தக்கா, உங்கை பாருங்கோ. உவ திரும்பவும் வந்து நிக்கிறா!"

பெட்டிக்கு ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டுநாடாவை விட்டுவிட்டு, கீர்த்திகா தெருப் படலையைக் காட்டினாள்.

படலைக்கு வெளியே முக்காடு போட்ட ஒரு மனுசி. காலையிலிருந்து இதே வேலைதான். வளவுக்குள் எட்டி எட்டிப் பார்ப்பா. என்ன வேணுமென்று கேட்டால், ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுவா.

"சாமானிலை கண் வைச்சிட்டாள் போலை," என்றா பக்கத்து வீட்டுத் தங்கமுத்தக்கா. "பெட்டியளைக் கவனமாப் பாத்துக்கொள்ளடி."

பார்க்காமல் விடுவாளா? முற்றம் முழுக்கப் பெட்டி. புதுப் போர்வை, துவாய், சவர்க்காரம், குழந்தைப்பிள்ளைச் சட்டை. எல்லாம் காசாவில் வீடு வாசல் இழந்த சனத்துக்கு. அரசாங்கமும் கொழும்பிலிருக்கிற அவர்களின் தூதரகமும் கதைத்து, அங்கே பக்கத்து நாடொன்றும் வழிவிடச் சம்மதித்து, ஒருமாதிரிக் கப்பலுக்கு நாளும் குறித்தாயிற்று. இன்றைக்கு லொறியில் ஏற்றாவிட்டால் அந்தக் கப்பல் இல்லை. நனைந்த பெட்டியை எடுக்கவும் மாட்டார்களாம்.

சாவகச்சேரியில் சேர்த்ததெல்லாம் தன் வீட்டிலிருந்து போகப்போகுதென்று கீர்த்திகாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஃபோன் அடித்தது. புருசன் சிவதர்ஷன்.

"லொறி கைதடி தாண்டிட்டுது. ரெடியா?"

"எப்பவோ ரெடி! கெதியா வரச் சொல்லுங்கோ!"

சொல்லி வாய் மூடவில்லை, மழை சோவென்று கொட்டியது.

"ஐயோ, போர்வையள்!"

பெட்டி கட்ட வந்திருந்த அயல் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன் வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி இடித்து, வாசலிலேயே இறுகிப்போய் நின்றார்கள்.

படலை படீரென்று திறந்தது. முக்காட்டு மனுசி உள்ளே பாய்ந்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினா.

"எடியே, கொண்டு ஓடுறாள்! பிடி, பிடி!" தங்கமுத்தக்கா கத்தினா.

கீர்த்திகா துரத்தினாள். மனுசி வீட்டைச் சுற்றி ஓடி, பின் விறாந்தையில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினா.

"ஏன் பிள்ளையள் முன்னுக்கு நிண்டு நெரிபடுறியள்? பின்னாலை இவ்வளவு பெரிய விறாந்தை கிடக்கு. இஞ்சாலை கொண்டு வாங்கோ!"

பிடிக்கப் போன கீர்த்திகாவும் அடுத்த பெட்டிக்கு ஓடினாள்.

மழை விட, லொறி கோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஒரு பெட்டிகூட உள்ளே நனையவில்லை. லொறி வெளிக்கிட்டபோது பெண்கள் எல்லாரும் சின்னப்பிள்ளைகள்போல் கை தட்டினார்கள்.

கீர்த்திகா ஓடிப்போய் அந்த மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் உங்களைக் கள்ளியெண்டெல்லே நினைச்சனான்!"

"அதுக்கென்ன? நானும் விடிஞ்சதிலையிருந்து கள்ளி மாதிரித்தானே நிண்டனான்."

எல்லாரும் சிரித்தார்கள். தேத்தண்ணி வந்தது. கீர்த்திகாவுக்குச் சந்தோசத்தில் வாய் ஓயவில்லை.

"வீட்டை விட்டிட்டு ஓடுற பாடு எங்களுக்குத் தெரியும், அக்கா. எங்கடை அம்மாவையள் சண்டைக்குள்ளை கீரிமலையிலையிருந்து கட்டின உடுப்போடை வந்து, ஆளில்லாமல் கிடந்த இந்த வீட்டுக்குள்ளைதான் ஒதுங்கினவை. அதுதான் காசாச் சனமெண்டோடனை எனக்குப் பொறுக்கேல்லை."

மனுசி தேத்தண்ணியைப் பார்த்தபடி தலையாட்டினா.

"அதுசரி, நீங்கள் எந்த ஊர்? எங்கடை ஊர்த் தமிழெல்லோ கதைக்கிறியள்!"

"இப்ப புத்தளம். என்ரை பேர் ஹிதாயா. தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னதெல்லே? அண்டைக்குப் போனது. அதுக்கு முந்தி சாவகச்சேரிதான்."

"அட, எங்கடை ஊரே!" கீர்த்திகா துள்ளினாள். "உங்கடை வீடு எந்தப் பக்கம்? சொல்லுங்கோ, இப்பவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்!"

ஹிதாயா கோப்பையை மெல்லக் கீழே வைத்தா.

"அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, பிள்ளை. உள்ளுக்கை வந்து, நான் பிறந்த அறையை ஒருக்கால் பாத்திட்டுப் போகட்டே?"