நின்ற பேருந்து

கழுத்து நரம்பில் அதை விரிக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்த மூன்றாம் வாரம், பன்னிரண்டாம் எண் பேருந்தை நடந்தே முந்துவதாகச் சவால் விட்டார் மணிவாசகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் வந்து ஒன்பது வருடமாய்க் கால் மரத்தவர்; ஸ்டென்ட் அதைக் குணமாக்கிவிடும் என்று நம்பினார்.

"நோய் மூளை நரம்புல. ஸ்டென்ட் ரத்த நரம்புல. ரெண்டுக்கும் ஒரே பேருங்கிறதால குணமாயிடுமா?" என்றாள் மனைவி தில்லைநாயகி, ஓய்வுபெற்ற நர்ஸ்.

"முந்தலேன்னா நீ வாங்கி வச்ச சக்கர நாற்காலியில உக்காந்துக்கிறேன், போதுமா?"

தடியூன்றிக் கிளம்பினார். தாங்க வந்த அவள் கையைத் தட்டிவிட்டார். நிறுத்தத்தில் பேருந்து டயர் பஞ்சராகி நின்றிருந்தது. பின்சக்கரத்திலிருந்து முன்விளக்குவரை ஒவ்வோர் அடியாய் இழுத்து வைத்தார். கண்டக்டர் உற்சாகமாக விசிலடித்தார்.

"பஸ்தான் நிக்குதே!" என்றாள்.

"நான் நின்னேனா?"

தில்லைநாயகி பின்னால் கிடந்த பேருந்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல. முந்திட்டீங்க. என் கண்ணால பார்த்தேன்."