பக்கத்து மேசை

யாமிலெத்தின் கடைசி வருட புராஜெக்டுக்கு மெடலின் நகரின் பெரிய வங்கி ஸ்பான்சர். அதே வகுப்பின் ஏவெலியோவுக்கு வாய்த்தது ஒரு கோழிப் பண்ணை. அன்றே அவனுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

கேன்டீனில் அவனுக்குப் பக்கத்து மேசையில் அரேப்பா என்ற சோள ரொட்டியைப் பிய்த்தபடி யாமிலெத் தோழியிடம் சொன்னாள்: "எங்க ஆப்ல ஒரு குறை சொல்லச் சொல்லுடி பார்ப்போம். எவனாலயும் முடியாது."

அவ்வளவுதான். சோதனைக்காக அவள் கல்லூரிக்கே திறந்துவிட்டிருந்த அந்தப் பணம் அனுப்பும் ஆப்பை ஏவெலியோ குடைந்து எடுத்தான். இரண்டு போனில் ஒரே நேரத்தில் பணம் அனுப்பினால், கணக்கில் ஒரு தடவைதான் கழிந்தது. பெயர் போடாமல் வங்கிக்குப் புகார் தட்டினான்.

அடுத்த வாரமும் அதே மேசை, அதே ஜம்பம். இன்னொரு கோளாறு, இன்னொரு புகார். வருடம் முழுக்க இதே கதை; தன் புராஜெக்டை அவன் தொடவே இல்லை.

புராஜெக்டுகளை அரங்கில் காட்டும் இறுதி நாளில், அவள் மானம் கப்பலேறுவதைப் பார்க்க முதல் வரிசையில் உட்கார்ந்தான். ஆப் ஓரிடத்திலும் சிக்கவில்லை.

"சோதிச்சுப் பார்க்க ஆள் கேட்டே, நாங்க தரலை. அப்புறம் எப்படிம்மா இவ்வளவு சுத்தமா?" என்றார் வங்கி அதிகாரி.

"கிளாஸ்லயே ஒருத்தன் சும்மா செஞ்சு கொடுத்தான் சார். குறையே இல்லைன்னு அவன் காதுபட சொன்னா போதும். மறுநாளே உங்க வழியா அவன் புகார் எனக்கு வந்துடும்."

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அது அடங்கியதும் பேராசிரியர் அழைத்தார்.

"அடுத்தது நீதானே ஏவெலியோ? வா, கோழிப் பண்ணையைக் காட்டு."